ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி

சக்கர நாற்காலி தனக்குத்தான் வருகிறது என்று நினைத்து அய்யாத்துரை எழுந்து நின்றார். செம்பூரில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, இதயநோய்ப் பிரிவு. வருடா வருடம் வருகிற பரிசோதனைக்குத்தான் அன்றும் வந்திருந்தார். உட்காருவதற்குத் தோதாகச் சட்டையை இழுத்துவிட்டு, முகத்தில் கொஞ்சம் களைப்பையும் வரவழைத்துக்கொண்டார். வண்டியைத் தள்ளி வந்த வார்டுபாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஹட்டோ சாச்சா, ஹட்டோ!" என்று ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே அவரைத் தாண்டி மாடிப்படிப் பக்கம் ஓடினான்.

அங்கே, கடைசி நான்கு படிகள் மிச்சம் இருக்க, சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள் கனகவள்ளி. அவர் மனைவி. ஐம்பத்தெட்டு வயது. ரவிக்கை முழுக்க வியர்வை. முகம் வெளிறிக் கிடந்தது. மடியில் அவருடைய ஃபைல், அவருடைய மாத்திரைப் பை, அவருடைய வெந்நீர் பாட்டில். மூன்றையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். லிஃப்டில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. "நீங்க போங்க, நான் படியில வாரேன்" என்று அவரை ஏற்றிவிட்டவள் அவள்தான்.

"ஏட்டி, என்ன செய்யுது?" என்றார் அய்யாத்துரை.

"ஒண்ணுமில்ல. வாயு."

அந்த வாயுவை நர்ஸ் நம்பவில்லை. பத்தாவது நிமிடம் ஈசிஜி எடுத்தார்கள். காகிதத்தைப் பார்த்த சின்ன டாக்டர் நடக்கவில்லை, ஓடினார். திரை இழுக்கப்பட்டது. கனகவள்ளியின் வளையல்களையும் மூக்குத்தியையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அய்யாத்துரையின் கையில் திணித்தார்கள். இன்னொரு கையில் அவருடைய டோக்கன், எண் பதினேழு. பதினேழு, பதினேழு என்று மூன்று தடவை அழைத்தார்கள். அவர் அசையவில்லை. அந்த வீட்டு நோயாளி அவரல்லவா? இது என்ன கூத்து?

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அந்த ஆள் ஏன் அப்படி விறைத்துப்போய் நின்றார் என்பது விளங்கும். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் அவர்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. கீழே கடை, மேலே வீடு, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அய்யாத்துரைக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து, காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்து, பைபாஸ் செய்தார்கள். அன்றிலிருந்து அவர் அந்த ஏணியில் கால் வைத்ததில்லை. ஒரு தடவைகூட. கடைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு டிவி. மூன்று வேளையும் சாப்பாடு மேலேயிருந்து இறங்கி வரும். அரிசி மூட்டை நகர்த்துவது, பால் கிரேட் தூக்குவது, தண்ணீர் பிடிப்பது, காலையில் ஷட்டரைத் தூக்குவது, ராத்திரி இறக்குவது எல்லாம் கனகவள்ளி. அவர் கல்லாவில் உட்காருவார். வருகிறவர் போகிறவரிடம் தன் நெஞ்சைப் பற்றிப் பேசுவார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் நோயாளியாக இருப்பதை வெகு சிரத்தையாகச் செய்தார். சட்டையில் மேல் இரண்டு பொத்தான் எப்போதும் திறந்தே இருக்கும். தொண்டைக் குழிக்குக் கீழே இறங்குகிற தழும்பு நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா? கல்யாண வீடானால் முதல் பந்தி அவருக்கு. சங்கக் கூட்டமானால் நாற்காலி அவருக்கு. யாராவது குரலை உயர்த்தினால் கையை நெஞ்சில் வைப்பார், அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்துக்கொண்டு கனகவள்ளி ஓடி வருவாள். அப்படி ராஜாவாக இருந்த மனிதரைத்தான் "ஹட்டோ சாச்சா" என்று ஒதுங்கச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆஞ்சியோ எடுத்து முடித்து டாக்டர் ஹரிகிருஷ்ணன் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், தமிழிலேயே பேசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கனகவள்ளியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். "இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"வரும் டாக்டர். ஏணி ஏறினா வரும். தண்ணி தூக்கினா வரும். தாடையெல்லாம் இழுக்கும், முதுகுல கல்லு வச்ச மாதிரி இருக்கும்."

"வந்தா என்ன பண்ணுவேள்?"

கனகவள்ளி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல் இருந்தது அந்த முகம்.

"இவங்க நாக்குக்கு அடியில வைக்காங்களே, அந்த மாத்திரைல ஒண்ணு வச்சுக்கிடுவேன். ரெண்டு நிமிசத்துல கேட்டுரும். கேட்ட உடனே வேலையைப் பாப்பேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வருசம் இருக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மூன்று வருடமாக அந்த மாத்திரை அட்டை குறைந்துகொண்டே வந்தது அய்யாத்துரைக்குத் தெரியும். பத்து இருந்த இடத்தில் ஆறு இருக்கும். மெடிக்கல் கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று அவனோடு ஒரு தடவை சண்டைக்கே போயிருக்கிறார். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்று கனகவள்ளி சொன்னாள், அதை நம்பி எலிப்பொறி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். மூன்று வருடம், அட பாவி மனுஷா, எலிப்பொறி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

டாக்டர் போனபிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானேட்டி?" என்றார்.

"சொல்லி? ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதாதா?" என்றாள் கனகவள்ளி. கோபமே இல்லை அந்தப் பேச்சில். அதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

மறுநாள் காலை டாக்டர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மகள் விஜயராணி அம்பர்நாத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அட்மிஷன் கவுண்டரில் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தாள். டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஓடவிட்டார். "இதயத்துக்கு முன்பக்கம் போற முக்கியமான குழாய் இது. ஆரம்பிக்கிற எடத்துலயே அடைப்பு, நீளமா இருக்கு. ஸ்டென்ட் வைக்கத் தோதான எடம் இல்லை. ஆனா மத்த குழாயெல்லாம் நன்னா இருக்கு. அதனால உங்களுக்குப் பண்ணின மாதிரி நெஞ்செலும்பை வெட்ட வேண்டாம். இடது மார்புக்குக் கீழே ரெண்டு விலா எலும்புக்கு நடுவுல மூணு அங்குலத்துக்கு ஒரு திறப்பு. மார்புச் சுவர்ல ஓடற ஒரு குழாயை உள்ளேருந்தே எடுத்து, அடைப்பைத் தாண்டித் தெச்சுடுவேன். அஞ்சு நாள்ல ஆத்துக்குப் போயிடலாம்."

"இதயத்தை நிப்பாட்டித்தானே டாக்டர் தைப்பீங்க?"

"இல்லை. துடிச்சுண்டுதான் இருக்கும். தெக்கற எடத்தை மட்டும் அசையாம ஒரு கருவியால பிடிச்சுப்போம்."

துடிக்கிற நெஞ்சில் ஊசியால் தைக்கப்போகிறார்கள். அய்யாத்துரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் பயத்தைப் பார்த்து டாக்டர் சிரித்தார். "கவலைப்படாதேங்கோ. நேத்து கீழே டெஸ்ட் குடுத்தேளே, அந்த ரிப்போர்ட்டும் வந்துடுத்து. கல்லு மாதிரி இருக்கேள். இத்தனை வருஷமா எல்லா வேலையும் பண்ணிண்டுதானே இருக்கேள்? இனிமே கொஞ்ச நாள் அவா வேலையையும் சேர்த்துப் பண்ணுங்கோ."

அய்யாத்துரை முதலில் திரும்பிக் கதவைத்தான் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. மகள் இன்னும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

ஆமாம், இதுதான் விஷயம். இதை நான் மறைத்து வைத்து என்ன பிரயோஜனம்? பதினோரு வருடத்துக்கு முன்னால், அவருடைய ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் காட்டப் போனபோது, அன்றைய டாக்டர் அவர் முதுகில் தட்டி, "சாச்சா, ஆப் பில்குல் ஃபிட் ஹை. காம் கரோ, சீடி சடோ, ஸப் கரோ" என்று சொல்லி அனுப்பினார். வேலை செய், படி ஏறு, எல்லாம் செய். மருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்த கனகவள்ளி ஓடி வந்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அப்போது அவர் வாயில் வந்தது இது: "கனம் தூக்கக் கூடாதாம். படி ஏறவே கூடாதாம். ஆயுசு பூராவும்."

வேண்டுமென்றே சொன்ன பொய்யா என்று கேட்டால், முதலில் அப்படி இல்லை. அவருக்குப் பயம். அடுத்த கட்டிலில் இருந்த குர்லாக்காரர், அவரோடு ஒரே நாளில் வீட்டுக்குப் போனவர், மூன்றாவது வாரம் ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது விழுந்து செத்துப்போனார். அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து அய்யாத்துரைக்குத் தன் நெஞ்சு ஒரு கண்ணாடிச் சாமானாகிவிட்டது. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம் என்று இருந்தார். பிறகு பயம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. பழக்கம் சுகமாகவும் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

கனகவள்ளியின் ஆபரேஷன் நான்கு மணி நேரம் ஆனது. அந்த நான்கு மணி நேரமும் அய்யாத்துரை வராந்தாவில் நின்றே இருந்தார். "எப்பா, உட்காருங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிரப் போவுது" என்று விஜயராணி கையைப் பிடித்து இழுத்தாள். இடது மார்புக்குக் கீழே தன் விரலால் மூன்று அங்குலம் அளந்து பார்த்துக்கொண்டே இருந்தார் அவர். ஒரு தீப்பெட்டி நுழைகிற இடம். அதற்குள்ளே கையை விட்டு, ஓடிக்கொண்டிருக்கிற இதயத்தில் தையல் போடுகிறார்கள். செத்துவிடுவாளோ? மூன்று வருடமாகத் தன் மாத்திரையைத் தின்று தன் மூட்டையைத் தூக்கியவள் செத்துவிடுவாளோ? சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

பிழைத்துக்கொண்டாள். மறுநாள் ஐசியூவுக்குள் ஓர் ஆளை மட்டும் விட்டார்கள். மூக்கில் ஆக்ஸிஜன், விலாவிலிருந்து ஒரு குழாய், கையெல்லாம் ஊசி. மூச்சுப் பயிற்சிக்கு என்று மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் சாமானை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு பந்துதான் எழும்பியது. அவரைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா? காலைல மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். அய்யாத்துரை வெளியே வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். ஷைஸ்தா என்ற நர்ஸ் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வராந்தாவில் நடக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: "நாலு வாரம் கனம் தூக்கப்படாது. ஏணி கீணியெல்லாம் கூடவே கூடாது. விலா எலும்பை விரிச்சிருக்கோம், வலி இருக்கும். மூச்சு விடவே கஷ்டமா இருக்கும். வெளியில தையல் சின்னதா இருக்கறதால உள்ளேயும் சின்னதுன்னு நினைச்சுடாதேங்கோ."

சந்தில் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் கனகவள்ளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் மட்டும் இருந்த சமயம் அவள் முந்தானையை விலக்கிக் காட்டினாள். எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுதானா? எம் மருமவளுக்கு சிசேரியன் பண்ணுனது இதைவிடப் பெரிசுல்லா!" என்றாள். எல்லோரும் ஏமாந்துபோனது முகத்தில் தெரிந்தது. பைபாஸ் என்றால் அவர்களுக்கு அய்யாத்துரையின் நெஞ்சுதான். இது என்ன, கீறல் மாதிரி? அப்புறம் பேச்சு தானாக அவர் பக்கம் திரும்பியது. "அண்ணாச்சி, நீங்க உடம்பைப் பாத்துக்கிடுங்க. அக்கா படுத்துட்டாளேன்னு விசாரத்துல உங்களுக்கு ஏதாவது வந்துரப் போவுது."

"எனக்குத் தொண்டைலருந்து மேல்வயிறு வரை வெட்டுனாங்க. அது வேற" என்று பழைய பாட்டை எடுத்தார் அய்யாத்துரை. பாதியில் பக்கத்து வீட்டு ஹபீபாவின் கண்ணைப் பார்த்தார். ஹபீபா கைப்பைக்கு உள்துணி தைக்கிறவள், அந்தச் சந்தில் வாய்த்துடுக்குக்காரி என்று பேர். "நீங்க எடுத்த ஓய்வுல பாதியாவது யக்கா எடுக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கட்டிலைக் கனகவள்ளிக்குக் கொடுத்துவிட்டுத் தான் பெஞ்சில் படுத்துக்கொண்டார். அந்தத் தியாகத்தை வந்தவர்களிடமெல்லாம் சொல்லவும் சொன்னார். மேலே சமைத்து இறக்கியது விஜயராணி. ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள், அது முடிகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

"எம்மா, எங்கூட அம்பர்நாத்துக்கு வா. லிஃப்ட் இருக்கு. ஒரு மாசம் படுத்துத் தூங்கு."

"உங்கப்பாவ யாரு பாப்பா?"

"ஹோட்டல்ல சாப்பிடட்டும்மா."

"உப்பும் எண்ணெயும் கொட்டித் தருவான். ஷட்டரை யாரு தூக்குவா? நெஞ்சைப் பிளந்த மனுசனை ஒத்தையில விட்டுட்டு எப்படிளா வருவேன்?"

"எப்பா, நீங்களாவது சொல்லுங்க!"

ஒரே ஒரு வாக்கியம். 'எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ.' அதைச் சொன்னால் அவள் போவாள். போனால் பிழைப்பாள். அய்யாத்துரைக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அதற்கு முன்னால் இருக்கிற பதினோரு வருடமும் சேர்ந்து வெளியே வரும். "அவளுக்கு எது தோதோ அப்படிச் செய்யட்டும்" என்றார். விஜயராணி அவரை விநோதமாகப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஏணி கிணுங்குகிற சத்தம் கேட்டுக் கண் விழித்தார். கட்டில் காலி. ஏணியில் ஐந்தாவது படியில் கனகவள்ளி. வலது கையில் பால் பாத்திரம். இடது முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை.

"ஏட்டி! என்ன காரியம் பண்ணுத?"

"காப்பி… உங்களுக்கு…" பாத்திரம் சரிந்தது. அவள் கை நழுவியது.

அய்யாத்துரை இரண்டே எட்டில் ஏணிக்கு அடியில் போய் நின்றார். பால் அவர் தலையில் கொட்டியது. விழுந்தவளை அப்படியே இரண்டு கையிலும் வாங்கினார். அறுபது கிலோ இருப்பாள். தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார். அந்த நிலைமையில், மூச்சு முட்டுகிற அந்த நேரத்தில், கனகவள்ளி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"ஐயோ, தூக்காதீங்க! உங்க நெஞ்சு! உங்க நெஞ்சு!"

சத்தம் கேட்டு ஓடி வந்த ஹபீபா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்த்தது பால் சொட்டச் சொட்டப் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற அண்ணாச்சியை. ஒரு சுமை தூக்குகிற தொழிலாளி மாதிரி, மூச்சுக்கூட வாங்காமல். ஹபீபா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள். இருக்கிற வலி மாத்திரையைக் கொடுத்து உடனே டாக்ஸியில் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

"வலி மாத்திரை எங்கட்டி?" என்று கேட்டார் அய்யாத்துரை.

"மேல… அடுப்புப் பக்கத்துல… விஜி வச்சிட்டுப் போனா."

ஹபீபா ஏணியைப் பார்த்தாள். அய்யாத்துரை அவளுக்கு முன்னால் ஏறினார். ஒவ்வொரு படியிலும் இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று நெஞ்சைக் கவனித்துக்கொண்டே ஏறினார். பன்னிரண்டு படி. ஒன்றும் வெடிக்கவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். சீ, இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு.

தலையை நீட்டித் தன் வீட்டைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு அப்புறம். அடுப்பு மேடையில் அடுப்பு இல்லை. இறக்கித் தரையில் வைத்திருந்தாள் கனகவள்ளி. நின்று சமைக்க முடியாமல் போயிருக்கிறது. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஒரு சின்ன வாளி தொங்கியது. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்கிறாள். ஏணி முடிகிற இடத்திலேயே ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தது. சாக்குக்கு நேரே சுவரில் ஓர் எண்ணெய்க் கறை, தலை வைத்துச் சாய்ந்து சாய்ந்து படிந்தது. சோறு கொண்டு இறங்கி, எச்சில் தட்டோடு ஏறி, அங்கே விழுந்து கிடந்திருக்கிறாள். ஒவ்வொரு வேளையும். நேர் கீழே, எட்டடிக்குக் கீழே, அவர் டிவி பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் கொண்டா என்று குரல் கொடுத்திருக்கிறார்.

அய்யாத்துரை அந்தக் கறையில் கையை வைத்தார். மாத்திரையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். தையல் விடவில்லை. பொருத்திய குழாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. விலா வலி, மூச்சு பிடித்துக்கொண்டது, பயம். "இன்னொரு தடவை ஏணி பக்கம் போனா நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் ஹரிகிருஷ்ணன் இரண்டு பேரையும் சத்தம் போட்டார். மத்தியானம் திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்ததும் கனகவள்ளி கேட்டாள்: "உங்களுக்கு நெஞ்சுல ஒண்ணும் பண்ணலையே? என்னைத் தூக்கினீங்களே. ஏணி வேற ஏறினீங்க. ஒரு மாத்திரை வச்சுக்கிடுங்களேன்."

போதும். ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் தாங்காது. அய்யாத்துரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணாதுட்டி. மூணு மாசத்துலயே எல்லாம் சரியாப் போச்சு. கனம் தூக்கலாம், படி ஏறலாம்னுதான் அன்னைக்கு டாக்டர் சொன்னாரு. நான்தான் உங்கிட்ட மாத்திச் சொன்னேன்."

கனகவள்ளிக்குப் புரியவில்லை. "எந்த மூணு மாசத்துல?"

"ஆபரேஷன் முடிஞ்ச மூணாம் மாசம். நீ மருந்து வாங்க நின்ன அன்னைக்கு."

அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள், தட்டை எறிவாள். எறியட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்கம்மை செத்தது அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

இதை அவர் நினைத்தே பார்க்கவில்லை. மூட்டை நினைத்தார், தண்ணீர் நினைத்தார், ஏணி நினைத்தார். இது அவர் கணக்கிலேயே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் வள்ளியூரில் மாமியார் மீனாட்சியம்மாள் இறந்த செய்தி வந்தது. போய்வர நான்கு நாளாவது ஆகும். "நோயாளியை விட்டுட்டு எப்படி வருவேன்?" என்று அண்ணனிடம் ஃபோனில் சொல்லிவிட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே அங்கே வைத்த ஒப்பாரியைக் கேட்டாள் கனகவள்ளி. தாய் முகத்தைப் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. அன்றைக்கு அவர் இதே கட்டிலில் படுத்திருந்தார். "என்ன செய்ய, நம்ம தலையெழுத்து" என்றுகூடச் சொன்னார்.

"சொல்லுங்க. முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால" என்றார்.

கனகவள்ளி தலையணைக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாம் தடவை மகள் எடுத்தாள்.

"விஜி, வேலை முடிஞ்ச உடனே ஒரு வண்டி பிடிச்சிட்டு வா. நான் வாரேன்."

"நெஜமாவாம்மா? அப்பாவை யாரு பாப்பா?"

கனகவள்ளி அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கியதில்லை. தெருவில் போகிற யாரோ ஓர் ஆளைப் பார்க்கிற பார்வை.

"உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லையாம்ளா" என்றாள். "பதினோரு வருசமா ஒண்ணுமே இல்லையாம்."